இல்லை என்று சொல்லும் வண்டி

கப்பல் இன்னும் ஜப்பானை விட்டுக் கிளம்பவே இல்லை. அதற்குள் மனைவியின் அண்ணன் ஒபூரா போன் செய்துவிட்டான்.

"மாப்ளே, புது வண்டி வருதாமே! எத்தனை பேர் உட்காரலாம்?"

ஒயூகி போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தான். "ஏழு பேர், மச்சான்."

"அப்ப பதினாலு. நல்லதாப் போச்சு. சனிக்கிழமை பாட்டுக் குழுவுக்கு, ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கு, புதன்கிழமை அம்மாவுக்குச் சந்தை. மத்த நாளெல்லாம் நீயே வச்சுக்கோ."

இத்தனைக்கும் ஒயூகி வண்டி விஷயத்தில் லேசுப்பட்டவன் அல்ல. கென்யாவின் கிசுமு நகரில் ஸ்வாலே முதலாளியின் இறக்குமதிக் கிடங்கில் பதினொரு வருடமாக அவனுக்கு அதுதான் வேலை: வருகிறவருக்கு எந்த வண்டி பொருந்தும் என்று சொல்வது. கரும்புக்காட்டு மண்பாதையில் போகிறவருக்கு வயிறு உயர்ந்த வண்டி. வாடகைக்கு விடுகிறவருக்கு மூலைக்கடையிலும் உதிரிபாகம் கிடைக்கிற வண்டி. போதகர் என்றால் வெள்ளை நிறம். தேர்தலில் நிற்கப் போகிறவர் என்றால் கறுப்பு, கண்ணாடியும் கறுப்பு. ஆள் வாசலில் செருப்பைத் தட்டும்போதே சொல்லிவிடுவான். தனக்கென்று வந்தபோதுதான் தடுமாறிப் போனான்.

அவன் ஆசை ஒன்றும் பெரிதில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் தானும் மனைவி அகேயோவும் மட்டும் ஏரிக்கரைக்குப் போய், பொரித்த மீனும் உகாலிக் களியும் சாப்பிட்டுவிட்டு வர வேண்டும். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் அது ஒருமுறைகூட நடக்கவில்லை. பழைய வண்டி இருந்தவரை அதில் மாமனார் ஊரே ஏறி இறங்கியது. மாட்டேன் என்று சொல்லலாமே என்று கேட்கக் கூடாது. அவனுடைய லுவோ இனத்தாரிடையே பெண் கொடுத்த வீட்டாரிடம் 'இல்லை' என்பதும், மாமியார் முன்னால் சட்டையைக் கழற்றுவதும் ஒன்று.

"உங்க வாய்க்குத்தான் 'முடியாது'ங்கிற வார்த்தையே வராது" என்றாள் அகேயோ. "வண்டியையாவது சொல்ல வையுங்களேன்!"

ஒயூகிக்குப் பொறி தட்டியது. ஏழு பேர் வண்டியை ஒரு மருத்துவச்சிக்குத் தள்ளிவிட்டு, தீப்பெட்டி மாதிரி ஒரு குட்டிக் காரை வரவழைத்தான். ஐந்து பேர் உட்கார்ந்தால் ஆறாவதாகக் காற்றுகூட நுழையாது.

முதல் ஞாயிறே மாமியார் வந்துவிட்டார். மாப்பிள்ளை அருகில் மாமியார் உட்காருவது முறையல்ல என்பதால் பின்சீட்டு முழுவதும் அவருக்கும் அவருடைய கூடைகளுக்கும் போனது. முன்சீட்டில் ஒபூராவும், அவன் மடியில் ஒரு தூரத்துத் தம்பியும். அகேயோ வாடகை மோட்டார் சைக்கிளில் தன் சொந்தக் காரைத் துரத்திக்கொண்டு வந்தாள்.

"வண்டி சொல்லுச்சா?" என்று இறங்கியதும் கேட்டாள்.

"சொல்லுச்சு. எங்கிட்டதான் சொல்லுச்சு."

குட்டிக் கார் கைமாறியது. அடுத்து வந்தது பின்பக்கம் திறந்த பிக்கப். முன்னால் இரண்டே இடம். கணவனுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று, கணக்குத் தீர்ந்தது என்று ஒயூகி மார்தட்டிக்கொண்டான். பின்பக்கத்தை அவன் யோசிக்கவே இல்லை. ஊருக்கே வண்டி தேர்ந்தெடுத்துக் கொடுக்கிறவன், பாவம்.

பின்பக்கத்தில் பாட்டுக் குழு பதினெட்டுப் பேர், ஒரு பெரிய மேளம், எவளோ ஒரு மணப்பெண்ணின் கட்டில், இரண்டு ஆடுகள். முன்சீட்டு முழங்கால் வலிக்காரரான ஒரு சித்தப்பாவுக்கு. அகேயோ ஆட்டுக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றபடி வந்தாள். குழு பாடிய பாட்டில் ஆடும் இடையிடையே சேர்ந்துகொண்டது.

இறங்கியதும் அவள் ஆட்டுக் கயிற்றை அவன் கையில் திணித்துவிட்டு வீட்டுக்கு நடந்தே போனாள். அவனுக்குப் பயமாகிவிட்டது.

மறுநாள் முதலாளியிடம் போய் நின்றான். "யாருமே ஏற முடியாத வண்டி ஒண்ணு வேணும், முதலாளி."

ஸ்வாலே கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தார். "ஏத்துறதுக்குத்தானேப்பா வண்டி?"

"எனக்கு ஏத்தாம இருக்கணும்."

முதலாளி கம்ப்யூட்டரில் தேடித் தேடி ஒன்றைக் காட்டினார். ஐஸ்கிரீம் ஏற்றிய வண்டி. முன்னால் இரண்டு இருக்கை. பின்னால் ஜன்னலே இல்லாத நீளமான இரும்புப் பெட்டி. விசையைத் தட்டினால் உள்ளே நல்ல குளிர். பக்கவாட்டில் தொப்பி போட்ட ஒரு பெங்குவின் பல்லைக் காட்டிச் சிரித்தது.

"இது நம்ம ஊருக்கு ஒத்துவராது தம்பி. நாளைக்கு விக்கணும்னாக்கூட ஒருத்தனும் வாங்க மாட்டான்."

"அதான் முதலாளி, அதேதான்!"

வண்டி வந்தது. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் சொர்க்கம்தான். ஒயூகியும் அகேயோவும் ஏரிக்கரையில் மீனை முள் பார்த்துப் பிய்த்துத் தின்றார்கள். ஒருவர் தட்டிலிருந்து ஒருவர் திருடினார்கள். திரும்பும் வழியில் அகேயோ பாடிக்கொண்டு வந்தாள். அவளுக்கு இவ்வளவு நல்ல குரல் என்பதே அவனுக்கு அப்போதுதான் தெரியும். பதினெட்டுப் பேர் நடுவில் எப்படிக் கேட்கும்?

நான்காவது வாரம் மாமனார் வீட்டிலிருந்து தாக்கல் வந்தது. புது வண்டியை இன்னும் கண்ணில் காட்டவில்லையே என்று வருத்தமாம்.

"காட்டிட்டே வந்துடலாம்" என்றான் ஒயூகி. அவனுக்கு இப்போது பயமே இல்லை.

முற்றத்தில் இருபது முப்பது பேர் கூடிவிட்டார்கள். குழந்தைகள் பெங்குவினைத் தடவினார்கள். ஒபூரா பெட்டிக்குள் ஏறினான். "ஜன்னல் இல்லாட்டி என்ன? பெஞ்சு போட்டா பாட்டுக் குழு மொத்தமும் போகலாம். கதவைச் சாத்து மாப்ளே, பார்ப்போம்."

ஒயூகி கதவைச் சாத்தி, விசையைத் தட்டினான். ஐந்து நிமிடத்தில் உள்ளிருந்து தடதடவென்று கதவு இடிபட்டது. வெளியே குதித்த ஒபூராவின் பற்கள் மேளம் வாசித்தன.

"ஐயோ, இதுல மனுசன் போவானா மாப்ளே! போற வழியிலயே போய்ச் சேர்ந்துருவான்!"

கூட்டம் "ச்சே" என்று சலித்துக்கொண்டது. அகேயோ முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். ஒயூகிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தாங்காதபோது மனிதன் பேசக் கூடாது, அவன் பேசினான்.

"நான் என்ன மச்சான் செய்ய? இந்தக் குடும்பம் கேட்டு நான் என்னிக்காவது மாட்டேன்னிருக்கேனா?"

"இல்லை, இல்லை" என்றார்கள் எல்லோரும். உண்மைதானே.

"இனியும் சொல்ல மாட்டேன். இந்தக் குளிரைத் தாங்குற ஆள் யாராயிருந்தாலும் சரி, கூட்டிட்டுப் போறேன். இது சத்தியம்!"

கூட்டம் கலையத் தொடங்கியபோது, மாமனாரின் அண்ணன் ஒலாங் மெல்ல எழுந்து வந்தார். குடும்பத்தில் அவர்தான் மூத்தவர், எண்பத்தொன்பது வயது. அவர் வாய் திறந்தால் மாமனாரே எழுந்து நிற்பார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். குளிர்ப் பெட்டிக்குள் கையை விட்டு, வெகுநேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு கைத்தடியைப் பெட்டியின் தரையில் படுக்க வைத்து, நீளத்தை இரண்டு தடவை அளந்தார்.

"பெரிய மாமா, இதுல உட்கார முடியாதுங்க" என்றான் ஒயூகி பணிவாக.

"நான் எதுக்கு மாப்ளே உட்காரணும்?" என்றார் கிழவர், மனம் நிறைந்த சிரிப்போடு. "அவசரம் ஒண்ணுமில்ல. ஆனா நைரோபியிலேருந்து பிள்ளைங்கல்லாம் வந்து சேர ஒரு வாரம் ஆகுமே, அதுவரைக்கும் இதுல நான் கெட்டுப்போகாம இருப்பேன்ல?"