மாதா திருவிழாவுக்கு ஒரு மலிவு டேப்லெட்

ஃபாதர் கொடுத்த பாட்டுத் தாளில் எறும்புகள் ஊர்ந்துகொண்டிருந்தன. எட்மண்டுக்கு அப்படித்தான் தெரிந்தது. தாளை மூக்கருகே கொண்டுபோனார்; எறும்புகள் பெருத்தன, எழுத்தாக மாறவில்லை. கை நீளும் மட்டும் தள்ளிப் பிடித்தார். எறும்புகளும் காணாமல் போயின.

எட்மண்ட் தேவாலயத்தின் தமிழ்ப் பாடகர் குழுவுக்குத் தலைவர். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசையில் அவர் வாயைத் திறந்தால்தான் பாட்டு தொடங்கும். இரண்டு கண்ணிலும் புரை விழுந்து இரண்டு வருடமாகிறது. ஆஸ்பத்திரியில் அறுவைச் சிகிச்சைக்கு நாள் கொடுத்தபோதெல்லாம் ஏதோ ஒரு சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டார். கண்ணில் கத்தி வைப்பார்கள் என்று நினைத்தாலே அவருக்குக் குளிர்ஜுரம் வந்துவிடும். பழைய பாட்டெல்லாம் மனப்பாடம். அதனால் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு படிப்பதுபோல் பாவனை செய்து, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து வந்தார்.

இப்போது பூசணிக்காய் வெளியே வரப் பார்த்தது. மாதா திருவிழாவுக்கென்று ஃபாதர் தாமே ஒரு புதுப் பாட்டு எழுதி, மெட்டையும் ஒருமுறை பாடிக் காட்டிவிட்டுத் தாளைக் கையில் கொடுத்துவிட்டார்.

கண் தெரியவில்லை என்று உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று எட்மண்டுக்குத் தெரியும். "ரெஸ்ட் எடுங்க அங்கிள்" என்று மரியாதையாகச் சொல்லி, கீபோர்டு வாசிக்கும் கீத்தை முன்னால் நிறுத்திவிடுவார்கள். கீத்துக்கு வயது கம்மி, குரல் நன்றாக இருக்கும். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற எட்மண்டுக்கோ, சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வெளியே கிளம்ப இந்தப் பாட்டு ஒன்றுதான் காரணமாக இருந்தது. அதுவும் போய்விட்டால் சட்டை அலமாரியிலேயே தொங்க வேண்டியதுதான்.

போதாக்குறைக்கு, குழு தன்னைச் சந்தேகப்படுவதாகவும் அவருக்கு ஓர் எண்ணம். கீத், ஈவா, கேட்லின், ஜோனா, எல்லாருக்கும் மூத்தவரான பிலோமினம்மாள் என்று ஐந்து பேர். முகங்கள் மங்கலாகத்தான் தெரிந்தன. ஆனால் பாடும்போது ஐந்து முகமும் தன் பக்கமே திரும்பியிருப்பது தெரிந்தது. தன் கண்ணைத்தான் நோட்டம் விடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

மனைவி அமலா, தான் படித்துக் காட்டுவதாகச் சொன்னார். பெண்டாட்டி சொல்லிக் கொடுத்துப் பாடுகிறவன் ஒரு குழுத் தலைவனா என்று எட்மண்டின் மானம் குறுக்கே வந்து விழுந்தது.

"அப்ப ஆபரேஷன் பண்ணிக்குங்க."

"திருவிழா முடியட்டும்."

"போன வருஷமும் இதையேதான் சொன்னீங்க" என்றார் அமலா.

பெரிய திரையில் பெரிய எழுத்தாகப் படிக்க ஒரு டேப்லெட் வாங்கினால் தீர்ந்தது என்று எட்மண்டுக்கு யோசனை பிறந்தது. ஒரு பாட்டுக்காக விலை கூடினதை வாங்க மனமில்லை. ஜாலான் புசார் வட்டாரத்தில் சம்சுன்னிசா நடத்தும் சின்ன கைபேசிக் கடைக்குப் போய், இருப்பதிலேயே மலிவானதைக் கேட்டார்.

சம்சுன்னிசா நேர்மையான வியாபாரி. "எழுத்தைப் பெருசாக் காட்டும்ண்ணே. அது உறுதி. வேற எதையும் இதுக்கிட்ட எதிர்பார்க்காதீங்க. இது சைக்கிள் மாதிரி. போய்ச் சேரும், ஆனா எக்ஸ்பிரஸ்வேல ஓட்டக் கூடாது" என்றார்.

தாளைப் படம் பிடித்து, எழுத்தைப் பெரிதாக்கும் இலவசச் செயலி ஒன்றையும் அவரே போட்டுக் கொடுத்தார். திரையில் ஒவ்வோர் எழுத்தும் உளுந்து வடை அளவில் உட்கார்ந்திருந்தது. எட்மண்ட் மாதாவுக்கு நன்றி சொன்னார்.

முதல் ஒத்திகையில் டேப்லெட்டை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு கம்பீரமாக நின்றார். மற்றவர்கள் கையில் ஆளுக்கொரு தாள்.

"கரை சேர்க்கும் தாயே, கருணையின் கடலே" என்று பாடி, அடுத்த வரிக்காக விரலால் தள்ளினார். திரை சற்று யோசித்தது. பிறகு ஒரு வரி பளிச்சென்று வந்தது. எட்மண்ட் மெட்டு பிசகாமல் பாடினார்:

"இன்று மட்டும் செய்கூலி இல்லை."

இலவசச் செயலிக்குள் நகைக்கடை விளம்பரம் புகுந்துவிட்டது என்று அவருக்கு உறைப்பதற்குள், ஐந்து பேரும் வழக்கம்போல் அரை நொடி பின்னால் வந்து, "இன்று மட்டும் செய்கூலி இல்லை" என்று உருக்கமாகப் பாடி முடித்திருந்தார்கள். ஜோனா இரண்டாம் குரல் வேறு சேர்த்திருந்தான்.

யாரும் சிரிக்கவில்லை. பிலோமினம்மாள் மட்டும் கையிலிருந்த தாளை ஒருமுறை பார்த்துவிட்டு, "ஃபாதர் நல்லாத்தான் எழுதியிருக்காரு" என்றார்.

இந்த அரை நொடித் தாமதம் குழுவின் பழைய வழக்கம். அது எங்கள் தனிப் பாணி என்று எட்மண்ட் வெளியூர்ச் சாமியார்களிடம் பெருமையடித்ததுகூட உண்டு. தலைவர் எதைப் பாடினாலும் வேதவாக்காக எடுத்துக்கொள்கிறார்களே என்று அன்று அவருக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. பதில் மரியாதையாக, விளம்பரம் வராமலிருக்க இணையத்தை அணைத்து வைத்தார்.

விளம்பரம் நின்றது. ஆனால் தேவாலயத்து விளக்கு வெளிச்சம் திரையில் பட்டுக் கண்ணைக் கூசவைத்தது. கூச்சத்தைத் தவிர்க்க டேப்லெட்டைச் செங்குத்தாக நிமிர்த்தி முகத்தருகே கொண்டுவந்தார். அதில் இன்னொரு வசதியும் இருந்தது. கண்ணை இடுக்கிப் பார்ப்பது யாருக்கும் தெரியாது. எழுத்து நன்றாகத் தெரிந்தது. ஆனால் இரண்டாம் ஒத்திகையில் குழு தடுமாறியது. ஈவா ஒன்று பாடினாள், கேட்லின் ஒன்று பாடினாள், ஜோனா வெறுமனே முனகினான்.

பக்கம் மாறத் தாமதமாவதால்தான் எல்லாரும் குழம்புகிறார்கள் என்று எட்மண்ட் முடிவுகட்டினார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே பழி டேப்லெட்டின் தலையில் விழுந்தது. அதற்கும் தன் பங்குக்குக் குறை இல்லாமல் இல்லை. நடுப்பாட்டில் தானாக இருட்டிக்கொள்ளும். இருட்டக் கூடாது என்று அமைத்து வைத்தால், பேட்டரி இரண்டாம் சரணத்தைத் தாண்டாது. எனவே பின்பக்கம் பவர்பேங்க் ஒன்றை ரப்பர் பேண்டால் கட்டினார். இப்போது கனம் தாங்காமல் கை நடுங்கியது. எனவே கீத்தின் இசைத்தாள் ஸ்டாண்டை இரவல் வாங்கி, முகத்து உயரத்துக்கு ஏற்றி, அதன்மேல் எல்லாவற்றையும் நிறுத்தினார். குழுவிலிருந்து பார்த்தால் எட்மண்டின் வழுக்கை மட்டும்தான் தெரிந்தது.

மூன்றாம் ஒத்திகையில் பாட்டு அடியோடு கலைந்தது. பிலோமினம்மாளே வாயை மூடிக்கொண்டார். கேட்டுக்கொண்டிருந்த ஃபாதர் எழுந்து வந்து, பழைய பாட்டையே பாடிவிடலாமா என்று கவலையோடு கேட்டார். வேண்டாம், சரியாகிவிடும் என்று எட்மண்ட் உறுதி கொடுத்தார். கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து, அமலாவுக்குத் தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்த வாரம் முழுக்க அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பாடிப் பார்த்தார். டேப்லெட் அடுத்த பக்கத்தைக் கொண்டுவருவதற்குள் முந்தின பக்கத்தை நான்கு தடவை பாடிவிடலாம். வேறு வேலை இல்லாததால் பாடினார். சில சமயம் அது அப்படியே உறைந்துபோய் ஒரே சரணத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அவரும் அந்தச் சரணத்தையே பாடிக்கொண்டு நிற்பார்.

திருவிழாவன்று தேவாலயத்தில் நிற்க இடமில்லை. காணிக்கைப் பவனி நகர, கீத் கீபோர்டைத் தொட, எட்மண்ட் டேப்லெட்டின் பின்னாலிருந்து தொடங்கினார். முதல் சரணத்தில் குழு வழக்கம்போல் தள்ளாடியது. இரண்டாம் சரணத்தின் வாசலில் ரப்பர் பேண்ட் அறுந்தது. பவர்பேங்க் தொப்பென்று தரையில் விழுந்தது. திரை ஒருமுறை மின்னிவிட்டு உயிரை விட்டது.

எட்மண்டின் உயிரும் கூடவே போகப் பார்த்தது. நிறுத்தினால் அவமானம். செத்துப்போன டேப்லெட்டை எடுத்து நாற்காலியில் கவிழ்த்துவிட்டு, ஸ்டாண்டையும் ஓரமாகத் தள்ளிவிட்டு, மாதாவே துணை என்று வாயைத் திறந்தார். இரண்டாம் சரணம் வந்தது. அதன் பின்னாலேயே மூன்றாம் சரணமும் ஒரு சொல் சிந்தாமல் வந்தது. அதைவிட அதிசயம், ஐந்து பேரும் அரை நொடி பின்னால், ஒரே குரலில், கணீரென்று சேர்ந்துகொண்டார்கள். ஃபாதர் பீடத்தில் நின்று கண் கலங்கினார்.

பூசை முடிந்து, மண்டபத்தில் தோசைத் தட்டோடு குழு உட்கார்ந்திருந்தது. எல்லாரும் எட்மண்டைப் பாராட்டினார்கள். பாராட்டு கூடக் கூட அவருக்குத் தோசை இறங்கவில்லை. மாதாவுக்கு முன்னால் பாடிவிட்டு வந்து பொய்யைச் சுமந்துகொண்டு உட்கார முடியவில்லை. தட்டைக் கீழே வைத்தார்.

"எனக்குக் கண்ணு தெரியல. ரெண்டு வருஷமா நான் புத்தகத்தைப் படிக்கவே இல்ல. எல்லாம் மனப்பாடம். உங்களை ஏமாத்திட்டேன்" என்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஃபாதரின் பாட்டுத் தாளை எடுத்துக் கீத்திடம் நீட்டினார். "அடுத்த வாரத்திலிருந்து நீ லீட் பண்ணுப்பா."

கீத் நெருப்பைக் கண்டவன்போல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். "நானா? வேணாம் லா அங்கிள். ஈவா பண்ணட்டும்."

ஈவா தாளைத் தொடாமலே கேட்லினைக் காட்டினாள். கேட்லின் ஜோனாவைக் காட்டினாள். ஜோனா திடீரென்று சட்னி வாங்க எழுந்து போனான்.

தன்மேல் வைத்த மரியாதையால்தான் ஒருவரும் அந்த இடத்துக்கு வரத் தயங்குகிறார்கள் என்று எட்மண்டுக்குக் கண்ணீர் முட்டியது. கடைசியில் தாளைப் பிலோமினம்மாளிடம் நீட்டினார். அவர் அதை வாங்கி, நாலாக மடித்து, கை துடைத்துக்கொண்டார்.

"கண்ணு தெரியலைன்னா போய் ஆபரேஷன் பண்ணிக்க, எட்மண்ட். எங்க அஞ்சு பேர்ல ஒருத்தருக்கும் தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாது. இத்தனை வருஷமா உன் வாயைப் பார்த்துத்தான் பாடுறோம், இனிமே எதையும் அதுக்கு முன்னாடி கொண்டுவந்து வைக்காதே."