நாலு கால் பிளக்

“எட்டாங்கிளாஸோட நின்ன உனக்குக் கரண்டைப் பத்தி என்னம்மா தெரியும்?” என்று அண்ணன் தங்கையிடம் எப்போதோ ஒருநாள் கேட்டார். அன்றிலிருந்து அவள் வீட்டில் ஒரு பல்பு போனால்கூட, கூப்பிடாமலே வந்து நிற்பார்.

இன்றும் வந்துவிட்டார்.

ஒரு வாரமாக விடாத மழை. பக்கத்துத் தெரு மருத்துவமனை, முதன்முதலாக அவளை நம்பிப் பதினைந்து படுக்கை விரிப்புகளைத் துவைக்கக் கொடுத்திருந்தது. மாலை ஆறு மணிக்குள் காய்ந்து போய்ச் சேர்ந்தால் தினமும் வேலை. ஈரமாகப் போனால் இன்றோடு சரி. அதற்காகவே வாங்கிய துணி உலர்த்தும் மெஷின் காலையில்தான் வந்து இறங்கியிருந்தது.

அண்ணன் அதன் அட்டைப்பெட்டியை அலுங்காமல் கழற்றி, துவைக்கும் அறைச் சுவரோரம் சாத்தினார்.

“அண்ணா, அந்தப் பெட்டியைக் கொஞ்சம்...”

“கை வைக்காத! பெட்டி கசங்கினா வாரண்டி கிடையாது.”

மெஷினின் பிளக்கைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. கைமுஷ்டி கனத்தில் நாலு கால்கள். அவர் கண்ணில் பட்ட பாயிண்ட்டிலோ மூன்றே துளைகள்.

“நாலு காலா? இவன் விக்கிறது மெஷினா, மாடா?”

“இல்லண்ணா, நான் என்ன சொல்ல வந்தேன்னா...”

“நீ போய்த் துணியைப் பிழி. இதெல்லாம் நான் பாத்துக்கறேன்.”

பிழிந்த துணியோடு அவள் திரும்பி வந்தபோது, நாலு கால் பிளக் அவருடைய சட்டைப் பையில் இருந்தது. மெஷினின் வயரில் ஒரு சாதாரண பிளக் தொங்கியது.

“ஐயோ, அதை ஏண்ணா வெட்டினீங்க?”

“சின்ன ஆபரேஷன்மா. ஒரு கால் அதிகமா இருந்துச்சு.”

ஸ்விட்சைப் போட்டார். மெஷின் அரைச் சுற்று சுற்றியது. ஃபிரிட்ஜ் முனகி அடங்கியது. மெயின் போர்டில் பிரேக்கர் ஸ்விட்ச் ‘டப்’பென்று கீழே விழுந்தது. தூக்கிவிட்டார், விழுந்தது. மறுபடி தூக்கி, துணிக்கு மாட்டும் கிளிப்பால் இறுக்கினார். அது தெறித்து அவர் மூக்கிலேயே அடித்தது.

“கிளிப்பு சரியில்ல,” என்றார் மூக்கைத் தடவிக்கொண்டே.

அடுத்து, படுக்கையறையிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்தார். மெஷின் இரண்டு நிமிடம் ஓடியது. அவர் மீசையைத் தடவுவதற்குள் கருகல் வாடை. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் உருகி வழிந்தது. வீடு மொத்தமும் இருட்டு.

மணி பன்னிரண்டைத் தாண்டியது. விரிப்புகள் சொட்டிக்கொண்டிருந்தன. தங்கை போனை எடுத்தாள்.

“எலக்ட்ரீஷியனா? அவன் வந்து என்னத்தைக் கிழிப்பான்? நாலு கால் பாயிண்ட் வைக்கணும்னா சுவரை உடைக்கணும், தனியா வயர் இழுக்கணும். ரெண்டு நாள் ஆகும். பேசாம ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு முடியாதுன்னு சொல்லிடு.”

“மாட்டேன்,” என்றாள்.

அவள் வாயிலிருந்து அந்த வார்த்தையை அவர் அதுவரை கேட்டதே இல்லை. அருகிலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

எலக்ட்ரீஷியன் மழைக்கோட்டோடு வந்தார். மெஷினைப் பார்த்தார், உருகிய பாக்ஸைப் பார்த்தார், தரையில் கிடந்த கிளிப்பையும் பார்த்தார். பிறகு நேராகப் போய் அட்டைப்பெட்டியை ஒரு பக்கமாக நகர்த்தினார். அண்ணன் பதறி எழுந்தார்.

“யோவ், வாரண்டி போயிடும்யா!”

எலக்ட்ரீஷியன் சுவரைத் தட்டிக் காட்டினார்.

“கடையில விசாரிச்சு, பேப்பர்ல படம் போட்டுக் குடுத்து, போன வாரம் நீங்க என்னை வைக்கச் சொன்ன நாலு கால் பாயிண்ட் இங்க பத்திரமாத்தானே இருக்கு, அக்கா? இதுல மாட்ட வேண்டிய பிளக்கைத்தான் காணோம்!”

அண்ணன் சட்டைப் பையிலிருந்து பிளக்கை எடுத்துத் தங்கையின் உள்ளங்கையில் வைத்தார். குடையைக்கூட எடுக்காமல் மழையில் இறங்கி நடந்தார்.