நாற்பதாவது பயணத்தில் தாய்மாமன்

ஒரு காட்டில் எல்லா விலங்குகளுக்கும் நல்ல கால்கள் இருந்தன. இருந்தும் அங்கே ஒரு விமானச் சேவை அமோகமாக நடந்துகொண்டிருந்தது.

விமானம் என்றால் கூழைக்கடாதான். அதன் அலகுக்குக் கீழே தொங்கும் பையில் பயணிகள் உட்காருவார்கள். மலை அடிவாரத்திலிருந்து முகட்டுக்குப் போகும், திரும்பும். பை முழுக்க மீன் வாடை. டிக்கெட் விலை ஒரு கெண்டை மீன். கூழைக்கடாவின் கழுத்தைக் கட்டிப் பிடித்தபடி கோமதி என்ற உடும்பும் கூடவே பறக்கும். அதுதான் விதிமுறை அதிகாரி. தேக்கிலைகளில் எழுதிய விதிகளைக் கக்கத்தில் இடுக்கியிருக்கும். உடும்பு ஒன்றைப் பிடித்தால் விடாது என்று உங்களுக்குத் தெரியும். அது விதியைப் பிடித்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அடிவாரத்தில் மருதையன் என்ற முயல் இருந்தான். அவன் தங்கை பூவாத்தாவை முகட்டில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஓடினால் ஒரு காலைப்பொழுதில் போய்ச் சேர்ந்துவிடலாம். பூவாத்தாவுக்குப் பெண் குழந்தை பிறந்து, காதுகுத்துக்கு நாள் குறித்தாயிற்று. முயல் வீட்டில் காதுகுத்து என்றால் சின்ன விஷயமில்லை. உடம்பில் பாதி காதுதான்.

குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். பத்து மாதம் சுமந்தவள் மடி செல்லாது, பெற்ற தகப்பன் மடி செல்லாது. ஏன் என்று கேட்டால் ‘வழக்கம்’ என்பார்கள். முயலுக்குப் பத்து மாதம் இல்லை, ஒரு மாதம்தான் என்று இந்த இடத்தில் யாராவது திருத்த வருவார்கள். வாருங்கள். ஒரு மாதம் சுமந்தவள் மடி மட்டும் ஏன் செல்லாது?

சரி, கதைக்கு வருவோம். போன தடவை, குழந்தைக்கு மொட்டையடித்த அன்று, மருதையன் இரண்டு முள்ளங்கியோடு மலையேறி ஓடியே போனான். மூச்சு இரைக்க வாசலில் நின்றவனைப் பார்த்துப் பூவாத்தாவின் மாமியார் கேட்டாள்:

“மாமன் சீர் கொண்டு வந்திருக்காரா, இல்ல யாரும் துரத்திக்கிட்டு வர்றாங்களா?”

பந்தியே சிரித்தது. பூவாத்தா மட்டும் சிரிக்கவில்லை. இந்தத் தடவை கௌரவமாகப் போய் இறங்குவது என்று மருதையன் அன்றே முடிவு கட்டினான்.

முதலில் ஒரு ஒத்திகைப் பயணம் போய்ப் பார்த்தான். டிக்கெட்டுக்கு மீன் பிடிக்கவே அரை நாள் ஆனது. முயல் மீன் பிடித்து நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? பார்க்காதவரை நிம்மதி. பையில் ஏறினால், தொண்டைப் பக்கத்தில், தவளைகளுக்கு நடுவே இடம். அப்போது அருளானந்தம் என்ற அண்டங்காக்கை வந்தது. வரிசையில் நிற்கவில்லை. நேராக ஏறி, காற்று வரும் அலகு நுனியில் உட்கார்ந்தது. உடும்பு அதற்கு மட்டும் வணக்கம் சொல்லிக் கொய்யாத்துண்டு கொடுத்தது. முகட்டில் இறங்கும்போது மரங்கொத்தி ஒன்று அதற்காக மேளம் கொட்டியது. காக்கையின் காலில் மின்னும் ஓர் இறகு கட்டியிருந்தது.

“அண்ணாச்சி, ஒரு சந்தேகம்,” என்றான் மருதையன். “உங்களுக்குத்தான் றெக்கை இருக்கே?”

“இருக்கு.”

“பறக்கத் தெரியும்தானே?”

“நானே பறந்தா புள்ளி யாரு தம்பி குடுப்பா, உங்க தாத்தாவா?”

அப்படித்தான் மருதையனுக்குப் புள்ளியைப் பற்றித் தெரிந்தது. ஏறி, முகட்டுக்குப் போய், அடிவாரத்துக்குத் திரும்பினால் ஒரு பயணம், ஒரு புள்ளி. நாற்பது புள்ளி சேர்ந்தால் காக்கைக்குக் கட்டியிருந்ததுபோலத் தங்க இறகும் அந்த மரியாதையும். உடும்பு இன்னொன்றும் சொன்னது.

“நடுவுல தரையில கால் வைக்கக் கூடாது. வச்சா அரைப் புள்ளிதான்.”

“முகட்டுல இறங்காம முகட்டுக்கு எதுக்கு மேடம் போகணும்?”

“புள்ளிக்கு,” என்றது உடும்பு. இதுகூடத் தெரியாதா என்பதுபோலப் பார்த்தது.

காதுகுத்துக்கு நாற்பத்தொரு நாள் இருந்தது. மருதையன் தினமும் விடியலில் ஓடையில் நின்று மீன் பிடித்தான். உச்சிவேளையில் பறந்தான். தங்கை வீட்டு முன்னால் இருக்கும் பாறையில்தான் கூழைக்கடா இறங்கும். பூவாத்தா குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவாள்.

“அண்ணே! இறங்கி ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போ!”

“முடியாது ஆத்தா. கால் கீழ படக் கூடாது.”

“ஏன், காலுல என்ன?”

“கால் நல்லாத்தான் இருக்கு. புள்ளி போயிரும்.”

“உன் மருமக தவழ ஆரம்பிச்சிட்டாண்ணே. இறங்கிப் பாரேன்.”

“இங்கேருந்தே தெரியுது. நல்லாத் தவழுறா. வளரட்டும், வளரட்டும்.”

இப்படி ஒருநாள் இல்லை, இரண்டு நாள் இல்லை. குழந்தை தவழ்ந்ததும், நின்றதும், விழுந்து பல் உடைந்ததும் எல்லாம் அவன் பார்த்தது பையின் விளிம்பிலிருந்துதான். அந்தக் குழந்தை, மாமன் என்பது தண்ணீரில் வாழும் ஏதோ ஒரு ஜந்து என்றே நம்பியது. அந்த வாடைக்கு அது நம்பியதில் தப்பில்லை.

முப்பத்தேழாம் நாள் கூழைக்கடாவுக்குத் தொண்டையில் புண். இரண்டு நாள் சேவை ரத்து. ஆக, காதுகுத்து அன்றைக்கு மருதையன் கணக்கில் முப்பத்தொன்பது புள்ளிதான் இருந்தது. நாற்பதாவது பயணத்தில்தான் அவன் காதுகுத்துக்கே போகிறான். மேலே இறங்கினால் அரைப் புள்ளி. முப்பத்தொன்பதரைக்குத் தங்க இறகு கிடையாது. போதாததற்கு அன்றோடு புள்ளி சேர்க்கும் கெடுவும் முடிகிறது. மறுநாள் எல்லாம் பூஜ்யத்திலிருந்து.

முகட்டில் உறவுக்கூட்டம் கூடியிருந்தது. காது குத்த ஆசாரியும் வந்திருந்தார். அவர் முள்ளம்பன்றி. ஊசி வெளியே தேட வேண்டியதில்லை. வெயில் மொட்டைப்பாறையின் உச்சியைத் தொடுவதற்குள் குத்திவிட வேண்டும் என்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். கூழைக்கடா வந்து பாறையில் நின்றது. பைக்குள் மருதையன் அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

“இறங்குண்ணே, நேரமாச்சு!” என்றாள் பூவாத்தா.

“புள்ளையை இப்படிக் குடு ஆத்தா. மடிதானே வேணும்? மடி இங்க இருக்கு.”

மாமியார் தாடையில் கை வைத்தாள். “மொட்டைக்குத் துரத்திக்கிட்டு வந்தாங்க. காதுகுத்துக்குப் புடிச்சு வச்சிருக்காங்க போல.”

பூவாத்தாவுக்குக் கண் சிவந்தது. ஆனால் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. குழந்தையைப் பைக்குள் கொடுத்தாள். மருதையன் மடியில் வைத்துக்கொண்டான். ஆசாரி தயங்கினார்.

“நானும் உள்ள வரணுமே?”

உடும்பு தேக்கிலையைப் புரட்டியது. முள்ளம்பன்றி ஏறக் கூடாது என்று எங்கும் எழுதியில்லை. எழுதாததைத் தடுக்க அதற்கு அதிகாரம் இல்லை. யோசனை என்ற ஒன்று இருந்திருந்தால் தடுத்திருக்கலாம். ஆனால் யோசிக்கவும் விதியில் இடமில்லையே.

ஆசாரி ஏறினார். வலது காதைக் குத்தினார். குழந்தை வீறிட்டது. உறவுகள் குலவை போட்டன. எல்லாம் மங்களகரமாக முடிந்தது. பிறகு இடது காதைக் குத்த ஆசாரி கொஞ்சம் திரும்பினார்.

அவ்வளவுதான். முதுகில் இருந்த அத்தனை முள்ளும் பையைக் கிழித்தன. கூழைக்கடா “ஐயோ” என்று அலறி எழும்பியது. பை கிழிந்து, முதலில் ஆசாரி விழுந்தார், பக்கத்தில் மருதையன் விழுந்தான், மருதையன் மேல் குழந்தை விழுந்தது. அதற்குள் வெயில் மொட்டைப்பாறையைத் தொட்டுவிட்டது.

“ஒரு காது பாக்கி,” என்றார் ஆசாரி, புழுதியைத் தட்டிக்கொண்டே. “அடுத்த முகூர்த்தம் பத்து நாள் கழிச்சுத்தான்.”

“கால் தரையில பட்டுருச்சு. அரைப் புள்ளி,” என்றது, கூழைக்கடாவோடு திரும்பி வந்து இறங்கிய உடும்பு.

பூவாத்தாவுக்கு அண்ணன் மேல் கோபம் இருந்தது. ஆனால் மாமியார் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அதைவிட முக்கியம், தப்பான வாதத்தைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க அவளால் முடியாது.

“விதியை வாசிங்க,” என்றாள்.

“நடுவில் இறங்கும் பயணிக்கு அரைப் புள்ளி.”

“எங்கண்ணன் இறங்கினாரா?”

“கீழதானே இருக்காரு?”

“இறங்குறதுன்னா அவரா இறங்கணும். அவர் உக்காந்த இடத்துலயே உக்காந்திருந்தாரு. உங்க பைதான் அவரை விட்டுட்டு மேல போச்சு. பயணியை நடுவழியில விட்டுட்டுப் போனா என்ன தண்டனைன்னு சிங்கத்துக்கிட்ட மனுப் போட்டுக் கேக்கட்டுமா?”

உடும்பு வாழ்க்கையில் முதல்முறையாகப் பிடியைத் தளர்த்தியது. தேக்கிலையைத் திருப்பி, பின்பக்கத்தில் புதிதாக ஒரு விதி எழுதியது: ‘டிக்கெட்டோடு விழுகிறவருக்கு நஷ்டஈடாகத் தங்க இறகு.’ மருதையன் காலில் கட்டியும் விட்டது. ஆசாரியிடமும் குழந்தையிடமும் டிக்கெட் இல்லை. ஆகவே அவர்கள் விழுந்ததாகவே கணக்கில் வராது.

“இடது காதுக்கு நான் மேளத்தோட வர்றேன் ஆத்தா!” என்று சொல்லிவிட்டு மருதையன் ஓடியே மலையிறங்கினான். கவனியுங்கள், ஓடியே.

விமானச் சேவையில் விழுந்தால் தங்கம் என்ற செய்தி ஒரே இரவில் காடெங்கும் பரவியது. தையல்சிட்டு வந்து பையைத் தைத்துக் கொடுத்தது. மறுநாள் ஏறிய ஒவ்வொருவர் கையிலும் ஒரு கருவேல முள். தைப்பதும் கிழிவதுமாக எட்டு நாள் போயிற்று. அதற்குமேல் வலி தாங்காமல் கூழைக்கடா வேலைநிறுத்தம் என்றதும், விழப்போவதாக உறுதிமொழி எழுதிக் கொடுத்தாலே போதும் என்று உடும்பு எல்லோருக்கும் தங்க இறகு கட்டிவிட்டது. தவளைக்குத் தங்கம், பெருச்சாளிக்குத் தங்கம். யானைக்குப் பையில் இடமில்லை. அது மட்டும் மனுப் போட்டிருக்கிறது.

பத்தாம் நாள் காலை மருதையன் காலில் இறகு மின்ன நிலையத்துக்கு வந்தான். தங்க இறகு வரிசை ஆற்றங்கரைவரை நீண்டிருந்தது. பக்கத்தில் சாதாரண வரிசை. அதில் ஒரு ஈ கூட இல்லை.

“அண்ணாச்சி, அதுல போய் நிக்கலாமே?” என்று முன்னால் நின்ற காக்கையைக் கேட்டான்.

“தங்கம் போய் அங்க நிக்கிறதா? நாலு பேரு பார்த்தா என்ன நினைப்பாங்க?”

அந்த நாலு பேரும் இதே வரிசையில்தான் நின்றுகொண்டிருந்தார்கள். மருதையன் காக்கைக்குப் பின்னால் நின்றான்.

மேலே பூவாத்தா வானத்தைப் பார்த்துப் பார்த்து அலுத்தாள். பிறகு குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு, ஆசாரியை இழுத்துக்கொண்டு, மலையிறங்கி ஓடி வந்தாள். அண்ணனை வரிசையின் நடுவில் கண்டுபிடித்தாள்.

“நாங்களே வந்துட்டோம்ணே! இன்னும் நேரம் இருக்கு. உக்காரு.”

“எங்க?”

“இங்கதான். நின்னா எப்படி மடி வரும்? உக்காரு.”

மருதையன் முன்னால் பார்த்தான், பின்னால் பார்த்தான். பின்னால் ஒரு பெருச்சாளி அவன் எப்போது அசைவான் என்று காத்திருந்தது.

“உக்காந்தா தாண்டிப் போயிருவான் ஆத்தா. இன்னும் அறுபது பேர்தான். கொஞ்சம் பொறு.”

“புள்ளைக்குக் காதுண்ணே!”

“எனக்கு இடம் ஆத்தா.”

பூவாத்தா ஒரு கணம் அண்ணனைப் பார்த்தாள். பிறகு ஆளில்லாத சாதாரண வரிசைக்குள் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, குழந்தையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“குத்துங்க ஆசாரி.”

“தாய் மடியில குத்துற வழக்கம் இல்லையேம்மா.”

“அவரு மாமன் ஆனதே என்னாலதானே? நான் பெத்திருக்காட்டி அவர் மடிக்கு என்ன வேலை? குத்துங்க.”

ஆசாரி யோசித்தார். முதுகிலிருந்து ஒரு முள்ளை உருவினார். குத்தினார்.

குழந்தை அழுது ஓய்வதற்குள் கூழைக்கடா வந்துவிட்டது. சாதாரண வரிசையில் முதலில் நின்றது பூவாத்தா. கடைசியில் நின்றதும் அவளே. டிக்கெட்டுக்குக் கொடுக்க மீன் இல்லை. ஆளே வராத வரிசைக்கு ஆள் பிடிக்க, அதில் நிற்கிறவரை முதலில், இலவசமாக ஏற்றி உபசரிக்க வேண்டும் என்று அன்று காலையில்தான் உடும்பு எழுதியிருந்தது. அலகு நுனியில் காற்றோட்டமாக உட்கார்ந்து கொய்யாத்துண்டு தின்றுகொண்டே தாயும் மகளும் பறந்துபோனார்கள்.

அடுத்த நடைக்கு உடும்பு திரும்பியதும் மருதையன் கேட்டான்.

“மேடம், நான் திரும்பவும் சாதாரணமா ஆகணும்னா என்ன செய்யணும்?”

“ஒரு வருஷம் பறக்காம இருக்கணும். பறக்காத ஒவ்வொரு நாளுக்கும் ஒரு புள்ளி. தினமும் நேர்ல வந்து, பறக்கலைன்னு வரிசையில நின்னு பதிஞ்சுட்டுப் போகணும்.”

“அந்த வரிசை எங்க மேடம்?”

உடும்பு வாலால் காட்டியது. அது ஆற்றைத் தாண்டி அக்கரைவரை போயிருந்தது. காக்கை ஏற்கெனவே அதில் முன்னால் நின்றது.

நீதி: வரிசையில் நிற்பவனுக்கு மடி கிடையாது. ஆகவே காது குத்துகிறவர்கள், மாமன் சாதாரண ஆளாக இருக்கும்போதே இரண்டு காதையும் குத்தி முடித்துவிடவும்.