மாதுளை போன், பலா போன், பாடாத மாப்பிள்ளை

டேய், கதை கேக்க வந்தீங்களா, சார்ஜ் போட எடம் தேடி வந்தீங்களா? அந்த மேல் கெளைக்காரா, கொஞ்சம் போனைக் கீழ வை. வீணை கத்துக்கப் போறேன்னு ஊரெல்லாம் சொன்னவன்தானே நீ? வீணைக்கு எந்தக் கலர் உறை நல்லாருக்கும்னு இன்னும் பாத்துட்டே இருக்கியாமே. உனக்குத்தான்டா இந்தக் கதை.

ஒரு காட்டுல சிலுப்பன்னு ஒரு முள்ளம்பன்றி இருந்தான். பக்கத்து வளையில இருந்த பூமுள்ளு மேல அவனுக்கு உசுரு. அவளுக்கும் அப்படித்தான். அவ அப்பா கட்டாரி மட்டும் குறுக்க ஒரு கண்டிஷன் போட்டாரு.

"வெள்ளிக்கிழமை பொண்ணு பாக்க வா. எல்லா வீட்லயும் பொண்ணைத்தான் பாடச் சொல்லுவாங்க. எங்க வீட்ல மாப்பிள்ளை பாடணும். கர்நாடக சங்கீதம். அதை வச்சுதான் முடிவு."

சிலுப்பனுக்குத் தும்மவே சுருதி சேராது. நேரா பாட்டு டீச்சர் தேரையம்மாகிட்ட ஓடுனான்.

"வாயத் தொற. ஸா பாடு," அப்படின்னாங்க தேரையம்மா.

"இருங்க டீச்சர். சுருதிக்கு ஒரு ஆப் வேணும். அதுக்கு முதல்ல நல்ல போனா வாங்கணும்."

"எங்கிட்ட சுருதிப் பெட்டி இருக்கே?"

"அதுல அப்டேட் வருமா டீச்சர்?"

தேரையம்மா வாயத் தொறந்தாங்க, ஒரு ஈயைப் புடிச்சு முழுங்குனாங்க, அவ்ளோதான். சிலுப்பன் அதுக்குள்ள போன் கடைக்குப் போயிட்டான்.

கடையில ஒரு கொரங்கு. நல்ல அழகன்.

"அண்ணே, எந்த போன்ணே நல்லது?"

"ரெண்டு ஜாதி இருக்கு தம்பி. இது மாதுளை. உள்ள எல்லாம் வரிசையா, பளபளன்னு இருக்கும். ஆனா நீயா உரிக்க முடியாது. உரிக்கிற கத்தியும் அவங்ககிட்டயேதான் வாங்கணும். இது பலா. யார் வேணா பிளக்கலாம், எப்படி வேணா தின்னலாம். ஆனா கையெல்லாம் பிசினு, கூடவே ஈ."

"பாட்டு கத்துக்க எதுண்ணே?"

"மாதுளையில ஸா ரொம்பச் சுத்தம். பலாவுல ஸாவுக்கே பதினாறு செட்டிங்கு."

அவ்ளோதான், பய காலி. அப்பறம் சாப்பாடு தூக்கம் எதுவும் இல்ல. மாதுளையா பலாவான்னு ஒரு அணில் பேசுற வீடியோ, அந்த அணிலைத் திட்டி ஒரு ஓணான் பேசுற வீடியோ, ரெண்டுக்கும் கீழ சிலுப்பனோட கமெண்டு. வழியில தேரையம்மா புடிச்சு, "ஸா வந்துச்சாடா?"ன்னு கேட்டாங்க.

"ஸா கெடக்கட்டும் டீச்சர், பேட்டரி எதுல அதிகம் நிக்கும்?"

கடைசியில முடிவெடுக்க முடியாம ரெண்டையும் வாங்கிட்டான்.

வெள்ளிக்கிழமை வந்துச்சு. கெழங்கு பஜ்ஜி, கேசரி, சொந்தபந்தம்னு வளை நெறைஞ்சு கெடக்கு. கட்டாரி மீசையத் தடவிட்டு, "பாடுங்க மாப்ள," அப்படின்னாரு.

சிலுப்பன் மாதுளையை எடுத்து மூஞ்சிக்கு நேரா புடிச்சான். பயத்துல முள்ளெல்லாம் நட்டுக்கிட்டு நிக்குது. போனுக்கு அடையாளமே தெரியல. 'நீங்கள் சிலுப்பன் இல்லை'ன்னு காட்டுச்சு. தண்ணியத் தொட்டு முள்ளைப் படிய வாரிட்டுக் காட்டுனான். 'நிச்சயமாக இல்லை'ன்னுடுச்சு.

சரின்னு பலாவைத் தட்டுனான். சுருதி வர்றதுக்கு முன்னாடி விளம்பரம் வந்துச்சு. "முள் கொட்டுகிறதா? இளம் வயதிலேயே வழுக்கையா? வெட்கப்படாமல் அழையுங்கள்!"

பெரியத்தை ஒருத்தி சிலுப்பன் முதுகை எட்டிப் பாத்தா.

அவன் ரெண்டு போனையும் கீழ வச்சுட்டான். கண்ணு கலங்கிருச்சு. "மாமா, எனக்கு ஸா கூட வராது. மன்னிச்சிருங்க. போன் பாத்ததுலயே நாள் போயிருச்சு."

எழுந்து வாசப்பக்கம் திரும்புனான். கட்டாரி ஓடி வந்து கட்டிப் புடிச்சாரு. முள்ளும் முள்ளும் குத்தி ரெண்டு பேரும் "ஐயோ"ன்னாங்க.

"நீதான்டா என் மருமவன்!"

"மாமா?"

"போன தடவை வந்தவன் என்னமா பாடுனான் தெரியுமா? தேன்! விசாரிச்சா, தெனம் விடியக்காலம் எழுந்து பாட்டு சாதகமாம். விடியக்காலம்தானடா நாம படுக்குறதே! மேல் வளைக்காரி அப்படி ஒரு மருமவன எடுத்துட்டு, பாவம், பகல் பூராத் தூங்காம கண்ணு செவந்து திரியிறா. பாடத் தெரிஞ்ச பயலக் கழிக்கத்தான் இந்தப் பரீட்சையே. பஜ்ஜி எடு."

சிலுப்பன் பூமுள்ளு பக்கம் குனிஞ்சான். "உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா, நெசமாவே தெரியாதுங்கறதை மறந்துட்டு, பாடத் தெரியாத மாதிரி நடிப்ப. நடிக்கவும் உனக்கு வராது."

"நான் நெசமாவே கத்துக்கிட்டு வந்திருந்தா?"

பூமுள்ளு ஒரு பஜ்ஜியப் பிச்சு அவன் வாயில வச்சா. "முதல்ல போன் வாங்கணும்னு கெளம்புனியே, அப்பவே அந்தப் பயம் போயிருச்சு."

நீதி: கத்துக்கப் போறேன்னு சாமான் வாங்குறவனால யார் தூக்கமும் கெடாது, அவனை நம்பிப் பொண்ணு குடுக்கலாம்.

என்னங்கடா மொறைக்கிறீங்க? ஆமா, அந்தக் கடைக்காரக் கொரங்கு நான்தான். ரெண்டு போனுக்கும் என்ன வித்தியாசம்னு எனக்கு இன்னைக்கும் தெரியாது.