நியூட்ரான்களை நிரந்தரமாக்கக் கூடாது

மந்தாரக்குப்பம் செவ்வந்தியின் மகள் இசைப்பிரியா அணுக்கருவை ஆராய்கிறாள். துகள்களை வேகமாக முடுக்கி அணுக்கருவின்மேல் மோதவிடும் எந்திரம் ஒன்றில், ஜப்பானில், அவளுக்கு ஐந்து நாள் ஒதுக்கியிருந்தார்கள். தவறவிட்டால் அடுத்த வாய்ப்பு மூன்று ஆண்டு கழித்துத்தான். உதவித்தொகை வாங்கும் மாணவி என்பதால், நெய்வேலியில் இருந்த உயர்கல்வி ஊக்குவிப்பு அலுவலகத்தின் தடையின்மைச் சான்று வேண்டும். யாரையும் ஊக்குவிப்பதற்கு முன்பு தடை ஏதும் இருக்கிறதா என்று தீரத் தேடிப் பார்ப்பது அவ்வலுவலகத்தின் மரபு.

கண்காணிப்பாளர் சங்கரலிங்கம் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு ஆய்வுத் தலைப்பைப் படித்தார்.

"மின்னூட்டப் பரிமாற்ற வினைகள்... இங்கிலீஷ்ல என்னம்மா?"

"சார்ஜ் எக்ஸ்சேஞ்ச் சார்."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். முப்பது வருட சர்வீஸில் அவர் கரைத்துக் குடித்திருந்த விஷயம் அது ஒன்றுதான்.

"யார் சார்ஜை யார் எடுத்துக்கறாங்க? ஆர்டர் போட்டாச்சா?"

"ஆளுங்க இல்ல சார். புரோட்டானுக்கு சார்ஜ் உண்டு, நியூட்ரானுக்குக் கிடையாது. வெளியிலேர்ந்து ஒரு புரோட்டான் போய் மோதும். தன் சார்ஜை உள்ளே இருக்கிற நியூட்ரானுக்குக் குடுத்துட்டு, அது நியூட்ரானா வெளியே வந்துடும். உள்ளே இருந்த நியூட்ரான் புரோட்டான் ஆயிடும்."

"உள்ளே மொத்த எண்ணிக்கை?"

"மாறாது சார்."

சங்கரலிங்கம் பேனாவைக் கீழே வைத்தார். "அதாவது, புதுசா ஒரு போஸ்ட்கூட போடாம, கான்ட்ராக்ட் ஆள் பெர்மனன்ட் ஆயிடுறான்."

இசைப்பிரியா யோசித்துப் பார்த்தாள். தவறு என்று சொல்ல முடியவில்லை.

"எவ்வளவு நாளாகும்?"

"ஒரு நொடியைக் கோடி கோடி கோடியாப் பிரிச்சா, அதுல ஒரு பங்குகூட ஆகாது."

"மனு குடுக்காமயா?" அவர் குரல் நடுங்கியது. "சரி, தலைப்புல வர்ற இந்தக் கிளர்வு நிலைன்னா?"

"மாறினதும் கருவுல சக்தி அதிகமாயிடும் சார். கொஞ்சம் கொதிச்சிட்டு அடங்கிடும். அதைத்தான் அளக்கப் போறேன்."

"கொதிக்காம பின்னே? பக்கத்துல இருக்கிற மத்த நியூட்ரானெல்லாம் பாத்துக்கிட்டு சும்மா இருக்குமா?"

கோப்பு, மூவர் குழுவின் பரிசீலனைக்குப் போயிற்று. மேற்படி நியூட்ரான்கள் எந்தத் தேதியில் பணியில் சேர்ந்தன என்பதற்கு ஆவணம் இல்லாததைக் குழு வருத்தத்துடன் குறித்துக்கொண்டது. பயணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது உறுதிமொழிப் படிவம் ஒன்று வந்தது: "இவ்வாய்வின்போது எந்த நியூட்ரானும் நிரந்தரமாக்கப்பட மாட்டாது. ஒருவேளை மாறினும், அதனை முன்னுதாரணமாகக் காட்டிப் பிற நியூட்ரான்கள் உரிமை கோர இயலாது."

இசைப்பிரியா அதை வீட்டுக்கு எடுத்துவந்து மேசைமேல் போட்டாள்.

"இதுல கையெழுத்துப் போட்டா பொய்யும்மா. மாறலன்னா ஆராய்ச்சியே இல்ல."

டவுன்ஷிப் மரங்களுக்குத் தண்ணீர் விடும் கான்ட்ராக்ட் வேலையிலிருந்து செவ்வந்தி அப்போதுதான் வந்திருந்தாள். கால் சேற்றைக் கழுவிக்கொண்டே சொன்னாள்:

"போட்டுட்டுக் கெளம்பு பாப்பா. பெர்மனன்ட் கேக்க மாட்டேன்னு நானும் பத்தொம்போது வருசமா எழுதிக் குடுத்துகினுதான் இருக்கேன். அதுக்காவ மரம் தண்ணி குடிக்காமயா பூடுச்சி?"

இசைப்பிரியா கையெழுத்துப் போட்டாள். போனாள். ஐந்து நாளும் தூக்கமில்லை. அளவீடுகள் அவள் எதிர்பார்த்ததைவிட நன்றாக வந்தன.

அதற்குள் அந்தப் படிவத்தின் கதை ஊரெல்லாம் பரவியிருந்தது. திரும்பி வந்தபோது மந்தாரக்குப்பம் கடைத்தெருவில் பதினைந்தடி பேனர் நின்றது: "நியூட்ரானை நிரந்தரமாக்கிய நெய்வேலியின் வீரமங்கையே!" கல்யாண மண்டபத்தில் பாராட்டு விழா. நானூறு பேர் வந்திருந்தார்கள், பெரும்பாலும் கான்ட்ராக்ட் ஆட்கள். கடைசி வரிசையில் சங்கரலிங்கமும் இருந்தார். மடியில் பிளாஸ்டிக் உறைக்குள் மகனுடைய பயோடேட்டா.

கம்மாபுரத்துப் பெரியண்ணன் எழுந்தார். பன்னிரண்டு வருடமாகக் கான்ட்ராக்டில் வேலை பார்ப்பவர்.

"எத்தினி பேருக்கு ஆவும்மா? உள்ளதச் சொல்லு."

இசைப்பிரியாவுக்குப் பொய் சொல்ல மனம் வரவில்லை. "கோடிப் பேர் போனா ஒருத்தருக்கு ஆவும், ஐயா. மத்தவங்க அப்படியேதான் இருப்பாங்க."

அத்தனை பேர் மனசையும் உடைத்துவிட்டோமே என்று அவள் தலை குனிந்தாள். பிறகு மெல்ல நிமிர்ந்து பார்த்தாள்.

ஒரு முகமும் வாடவில்லை. கண்காணிப்பாளரிலிருந்து முன்வரிசையில் இருந்த செவ்வந்திவரை, ஒவ்வொருவரும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரைப் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.