எச்சி டாக்டர்

தெருவில் துப்பாதே என்று விரட்டுகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. வாசலுக்கு வந்து, கும்பிடு போட்டு, "கொஞ்சம் துப்புறீங்களா?" என்று கெஞ்சிய ஒரே மனிதர் எங்கள் குத்தாலத்து எச்சி டாக்டர்தான்.

எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தார். புற்றுநோய் எந்தக் குடும்பத்தில் எப்படி வழிவழியாக இறங்குகிறது என்று ஆராய்கிற டாக்டரம்மா. முப்பத்தைந்து வயதிருக்கும். பரம்பரைக் கோளாறு எச்சிலிலேயே தெரிந்துவிடுமாம்; அதைப் பிடிக்கப் பை நிறைய மூடி போட்ட சின்னக் குழாய்கள். அக்குளில் சுருட்டிய சார்ட் பேப்பர். அதில் பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குக் கட்டம், இறந்தவர்களுக்குக் குறுக்கே ஒரு கோடு. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம், "உங்க சித்தி எதுல போனாங்க?" என்று ஆரம்பிப்பார். அந்த மனுஷன் பாயசத்துக்குக்கூடக் காத்திராமல் எழுந்துவிடுவார்.

தரங்கம்பாடிப் பக்கமிருந்து வரும் மீன்காரம்மாவை ஒருநாள் படியில் உட்காரவைத்து, நாலு தலைமுறையை வரைந்தார். கூடையில் வஞ்சிரம் வெயில் காய்ந்தது.

"ஏம்மா, மீன் வாங்கக் கூப்பிட்டியா, எங்க வம்சத்த எண்ணக் கூப்பிட்டியா?"

"ரெண்டுக்கும்தாங்கக்கா. உங்க அம்மா கூடப் பொறந்தவங்க அஞ்சா, ஆறா?"

"ஆறு. சீக்கிரம் முடி தாயி, மீனு கருவாடாப் போவுது!"

என்னிடமும் கேட்டார். "அம்மா ஜுரத்துல போனாங்க" என்றேன். பொய். அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் மார்பில் கட்டி. வெளியே தெரிந்தால் அக்காவின் கல்யாணம் நின்றுவிடும் என்று ஆரம்பித்த பொய், அவளுக்குப் பேரன் பிறந்த பிறகும் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் டாக்டர் இறங்கி வந்தார். "சார், ஜுரத்துக்கா ரெண்டு வருஷம் மெட்ராஸ் ஆஸ்பத்திரி?"

மீன்காரம்மா எங்களுக்கு முப்பது வருஷ வாடிக்கை என்பதை மறந்துவிட்டேன்.

"எங்க வீட்டுச் சாவுல உங்களுக்கென்னங்க ஆராய்ச்சி? வேற வீடு பாத்துக்குங்க!" என்று கத்தினேன்.

"பாத்துக்கறேன் சார். அதுக்கு முன்னாடி உங்க அக்காவ ஒரு தடவ துப்பச் சொல்லுங்க."

வேறு வீடும் பார்க்கவில்லை, என்னை விடவும் இல்லை. தினமும் காலையில் இதே பாட்டு. சம்பா அறுவடைக்குத் திருவையாற்றிலிருந்து வந்த அக்கா, கேட்டதும் சம்மதக் கையெழுத்துப் போட்டுத் துப்பிக் கொடுத்தாள். "உன் மூஞ்சியில துப்பணும்னு ரொம்ப நாளா நெனச்சுட்டிருந்தேன்டா. குழாயில துப்பியாச்சு" என்றாள் என்னிடம்.

சில வாரங்கள் கழித்து டாக்டர் வெறுங்கையோடு வந்து நின்றார். அம்மாவுக்குக் கட்டியைத் தந்த பரம்பரைக் கோளாறு அக்காவுக்கும் இறங்கியிருந்தது. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்து உறுதி செய்தார்கள். ஸ்கேனில், கைக்குத் தட்டுப்படாத ஒரு சின்னக் கட்டி.

"பயப்படாதீங்கக்கா, முளையிலயே பாத்துட்டோம்" என்ற டாக்டர்தான் அக்காவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

தஞ்சாவூரில் ஆபரேஷன். அன்று அவர் யாருடைய சித்தியைப் பற்றியும் விசாரிக்கவில்லை. வராந்தாவில் நடந்துகொண்டே இருந்தார். நல்லபடியாக முடிந்தது என்றதும் நாற்காலியில் சரிந்து தேம்பித் தேம்பி அழுதார்.

நர்ஸ் எட்டிப் பார்த்தார். "சொந்தக்காரங்க ஒருத்தர் மட்டும் உள்ள வரலாம். ஏங்க, நீங்க பேஷண்டுக்கு என்ன வேணும்?"

டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தார்.

"தங்கச்சிங்க" என்றேன் நான். "நீ போய்ப் பாரும்மா. நான் அப்புறம் வரேன்."