ஒண்டினாவின் கடைசிக் குப்பி

மரியாதைக்குரிய எடெல்மிரா அக்கா அவர்களுக்கு,

ஹவானாவிலிருந்து உங்கள் தங்கை கணவன் ஃபெர்மின் பணிவுடன் எழுதுவது. இங்கு நான், பால்கனியில் வளரும் கோழி, என் முழங்கால் வலி மூவரும் நலம். அங்கு பரகோவாவில் நீங்களும் உங்கள் கொக்கோ மரங்களும் நலமாக இருக்க எல்லாப் புனிதர்களும் துணை நிற்கட்டும். நீங்கள் அனுப்பிய தேங்காய் மிட்டாயின் பனையோலைக் கூம்பு பத்திரமாக வந்து சேர்ந்தது. உள்ளே இருந்த மிட்டாயை வழியிலேயே யாரோ நலம் விசாரித்துவிட்டார்கள்.

அக்கா, ஓர் உதவி. இந்தக் கடிதம் கிடைத்ததும் “முடியாது” என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள். கண்டிப்பாக, கோபமாக எழுதுங்கள். அது உங்களுக்குச் சிரமமாக இராது. பழியை உங்கள் மேல் போட்டுவிட்டு நான் நல்லவனாகிவிடுவேன். எதற்கு முடியாது என்று கேட்பீர்கள், சொல்கிறேன்.

பழைய கதை உங்களுக்குத் தெரியும், ஆனாலும் கோபத்தில் பாதியை மறந்திருப்பீர்கள். மூளைக்காய்ச்சல் வீடு வீடாகப் பிள்ளைகளை வாரிக்கொண்டு போன காலம். எங்கள் ஆய்வுக்கூடத்தில் தடுப்பூசி தயாராகி, முதலில் யார் கையில் குத்துவது என்று நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது, என் மதியச் சாப்பாட்டைக் கொண்டுவந்த ஒண்டினா, டப்பாவை மேசையில் வைத்துவிட்டுச் சட்டைக் கையைச் சுருட்டினாள். “எலிக்குப் போட்டீங்க, குரங்குக்குப் போட்டீங்க, அடுத்து வரிசைப்படி பொண்டாட்டிதானே? குத்துங்க” என்றாள். நான் வேண்டாம் என்று வாயெடுப்பதற்குள் நர்ஸ் குத்திவிட்டாள். நீங்கள் ராத்திரி பஸ் பிடித்து வந்து, “என்னை ஒரு வார்த்தை கேட்டியாடி?” என்று தெருவே கூடும்படி கத்தினீர்கள். அவள் உங்களுக்குக் காபி போட்டுக் கொடுத்தாள், அவ்வளவுதான்.

அவள் ரத்தத்தில் உண்டான எதிர்ப்புச் சக்தியைப் போல அதற்குப் பிறகு யார் ரத்தத்திலும் நாங்கள் பார்க்கவில்லை. அந்த ரத்தத்தை எடுத்துத் தெளியவைத்து, சின்னச் சின்னக் குப்பிகளில் உறையவைத்தோம். அன்றிலிருந்து எந்தத் தடுப்பூசி தயாரானாலும் ஒண்டினாவோடு ஒப்பிட்டுத்தான் வெளியே விடுவார்கள். கடைக்காரனுக்கு எடைக்கல் மாதிரி எங்களுக்கு உங்கள் தங்கை. அவள் கண்ணை மூடிய பிறகும் அது நிற்கவில்லை. நான் ஓய்வு பெற்றும் பேப்பர் படிக்கிற சாக்கில் ஆய்வுக்கூட நடையில் போய் உட்கார்ந்திருப்பேன். உள்ளேயிருந்து உதவியாளர் யமிலேயின் குரல் கேட்கும்: “ஒண்டினாவை வெளியே எடுத்து வைங்கப்பா, கொஞ்சம் இளகட்டும்.” பிறகு, “டாக்டர், ஒண்டினா இன்னைக்கு ரொம்ப நல்லா இருக்காங்க!” இந்த ஊரில் ஒண்டினா இருந்தாள் என்று சொல்லாமல் இருக்கிறாள் என்று சொல்கிற இடம் அது ஒன்றுதான் அக்கா.

போன மாதம் கணக்குப் பார்த்தால் ஒரே ஒரு குப்பிதான் மிச்சம். இன்னும் பல வருஷத்துக்கு வந்திருக்க வேண்டியது. யமிலேயைக் கேட்டேன். ஆய்வுக்கூடத்தில் அவள்தான் மூத்த உதவியாளர், சோதனையில் கை நடுங்காதவள், பொய் சொல்லத் தெரியாதவள்.

“புது ரம் பாட்டில் திறந்தா முதல் துளியை மூலையில, செத்துப் போனவங்களுக்குத்தானே ஊத்துவோம், டாக்டர்? அதே மாதிரி குப்பி திறக்கிறப்பவும் ஊத்துவேன். மரியாதைதானே?”

“அடிப்பாவி, ஒண்டினாவுக்கு ஒண்டினாவையே ஊத்தினியா?”

“பின்னே வேற யாருக்கு ஊத்தறது? இங்க நமக்குன்னு செத்துப் போனவங்க அவங்க ஒருத்தர்தானே!”

நாற்பது வருஷம் நோய் எதிர்ப்பைப் படித்த நான் பேப்பரை மடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இனி சொல்வதை யாரிடமும் சொல்லாதீர்கள். ஃப்ரீசருக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த மூலை சரியில்லை. எறும்பு வரிசை அங்கே வந்ததும் வளைந்து போகிறது. கிருமி வளர்க்கும் தட்டை அங்கே வைத்தால் விதைத்தது முளைப்பதே இல்லை, தட்டு கழுவி வைத்த மாதிரி இருக்கிறது. இங்கே வேலை செய்கிறவர்கள் இருமலும் சளியுமாக இருக்கும் பேரப்பிள்ளைகளைக் கூட்டிவந்து ஒரு நிமிஷம் அங்கே நிறுத்திக் கூட்டிப்போகிறார்கள். வெளிநாட்டில் பட்டம் வாங்கிய எங்கள் இளம் இயக்குநர் ரெய்னியெர் இதையெல்லாம் கேட்டுச் சிரித்தவர். டெங்கு வந்த வாரம் அவரே அந்த மூலையில் நின்று போன் பேசுவதைப் பார்த்தேன். போன் காதில் தலைகீழாக இருந்தது. ஃப்ரீசர் மேல் யமிலே ஒண்டினாவுக்கென்று ஒரு கிளாஸ் தண்ணீர் வைக்கிறாள், நம் வீடுகளில் இறந்தவர்களுக்கு வைப்பது போலத்தான். தினமும் அது குறைகிறது. வெயில் குடித்திருக்கும் என்றேன். அந்த அறைக்கு ஜன்னல் ஒன்றுதான், அதுவும் வடக்கே, வெயில் எட்டாது.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பக்கத்து மாகாணங்களில் மூளைக்காய்ச்சல் மறுபடி தலைகாட்டுகிறது. பிள்ளைகளுக்கான புதுத் தடுப்பூசி தயார். அதை அளக்கவும், இனிமேலுக்கு வேறொரு அளவு வகுக்கவும் கடைசிக் குப்பி வேண்டும். திறந்தால் தீர்ந்தது. ரெய்னியெர் மரியாதை தெரிந்த பையன், “நீங்க சரின்னு சொன்னாத்தான் டாக்டர்” என்று காத்திருக்கிறார். நான், “அவ அக்காவைக் கேட்கணும்” என்று தட்டிவிட்டேன். பிள்ளைகள் காத்திருப்பது தெரிந்தே சொன்னேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அக்கா, அடக்கம் செய்த அன்று எனக்கு அழுகை வரவில்லை, அவள்தான் ஃப்ரீசரில் இருக்கிறாளே என்றிருந்தது. அந்தக் குப்பி காலியானால் அன்றுதான் அவள் சாகிறாள். என்னால் முடியாது. ஆகவே நீங்கள் மறுத்து எழுதுங்கள்.

உங்கள் இடுப்புவலி தீரவும், கொக்கோ நன்றாகக் காய்க்கவும், பரகோவா முழுவதும் என்னைத் திட்டாமல் இருக்கவும் வேண்டிக்கொள்ளும்,

உங்கள் கீழ்ப்படிதலுள்ள,
ஃபெர்மின்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போயிற்று. மத்தியானத்துக்குள் வராது என்றார்கள். முழங்காலை மறந்து ஆய்வுக்கூடத்துக்கு ஓடினேன். ஃப்ரீசர் அடியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, இன்னும் கொஞ்ச நேரத்தில் குப்பி கெட்டுப்போகும். ஜெனரேட்டர் சோதனைக் கருவிக்கு மட்டும்தான் போதும் என்றார்கள். “அவங்க அக்கா பதில் வரட்டும் டாக்டர்” என்று ரெய்னியெர் வாயால் சொன்னார், கண் குப்பி மேலேயே இருந்தது. நானே எடுத்தேன், நானே திறந்தேன். அறை முழுக்க வயலெட் கொலோன் வாசனை, குழந்தைகளுக்குப் பூசுவது, அவள் கடைசிவரை பூசிக்கொண்டது. முதல் துளியை மூலையில் ஊற்றிய கை என்னுடையது. யமிலேயை விரல் நீட்டித் திட்டிய அதே கை.

தடுப்பூசி தேறிவிட்டது அக்கா. உங்கள் பக்கத்துக்கு முதலில் வருகிறது. ஆனால் சோதனைத் தட்டில் வெறும் தண்ணீர் விட்ட குழிகளில் ஒன்று மட்டும் மஞ்சளாகிவிட்டது, ஒண்டினாவின் குழி எவ்வளவு மஞ்சளோ அவ்வளவு. எதிர்ப்புச் சக்தி இருந்தால்தான் மஞ்சள் வரும், தண்ணீர் நிறம் மாறக் கூடாது. நான் யமிலேயைப் பார்த்தேன். “வடிச்ச தண்ணி கடைசிக் குழிக்குப் பத்தல டாக்டர்” என்றாள். “ஃப்ரீசர் மேல இருந்த கிளாஸ்லருந்து ஒரு சொட்டு எடுத்தேன். காலையிலதான் புதுசா பிடிச்சு வச்சது.”

அந்தக் கிளாஸைச் சிந்தாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து நம் ஃப்ரிட்ஜ் மேல் வைத்திருக்கிறேன். இந்த வரியை எழுதும்போது அரை விரல்கடை குறைந்திருக்கிறது. கோழி அந்தப் பக்கம் போகாமல் சுற்றிப் போகிறது. நீங்கள் “முடியாது” என்று எழுத வேண்டாம். உங்களையும் என்னையும் கேட்டுக்கொண்டு அவள் என்றைக்கு எதைச் செய்தாள்?